அயர்ன் மேன் கவசமும் இன்றைய எக்ஸோஸ்கெலட்டனும்: நடுவில் எவ்வளவு தூரம்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான். தொழிற்சாலையிலும் ராணுவத்திலும் எக்ஸோஸ்கெலட்டன், அதாவது உடலுக்கு வெளியே அணியும் எந்திரச் சட்டகம், மாட்டிக்கொண்டு வேலை செய்பவர்களின் வீடியோக்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அப்படியென்றால் அயர்ன் மேன் மாதிரி ஒரு கவசம் வர இன்னும் எத்தனை வருஷம் ஆகும், பேட்டரி ஒன்றுதானே பாக்கி? கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார். அவருடைய அத்தை மகன் பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இந்தக் கருவி அவரை நடக்க வைக்குமா என்று. எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. ஆனால் முதல் பாதிக்கான பதில் தெரியாமல் இரண்டாவது புரியாது. இரண்டிலும் வழியில் நிற்பது ஒரே சிக்கல். அதனால் இரண்டையும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே வரும்.

நான் மறுவாழ்வு சிகிச்சைத் துறையில் காலிப்பர், செயற்கைக் கால், நடைப்பயிற்சி எந்திரம் ஆகியவற்றை நோயாளிகளுக்குப் பொருத்தும் வேலையில் பல வருஷங்களாக இருக்கிறேன். உடலும் எந்திரமும் ஒட்டுகிற இடத்தில் என்ன நடக்கிறது என்பது அன்றாடம் கண்ணால் பார்ப்பது. ராணுவத் திட்டங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே வந்த அறிக்கைகளும் ஆய்வுக் கட்டுரைகளும்தான். அந்த வேறுபாட்டை மனதில் வைத்துப் படியுங்கள்.

இந்த வகைக் கவசத்துக்குத் தெளிவான உருவம் கொடுத்தது 1959-ல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவல். ஹைன்லைன் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் படித்தவர், பொறியியல் அறிந்தவர். அதனாலேயே அவர் சரியான இடத்தில் கை வைத்தார். உடுப்பின் உட்புறம் முழுக்க அழுத்த உணரிகள். உள்ளே இருப்பவர் கையை அசைத்தால் அந்த அழுத்தம் உறைக்கும்போதே உடுப்பும் கூட அசையும். அணிந்தவர் அதை இயக்குகிறோம் என்று நினைக்கவே வேண்டியதில்லை. 1963-ல் அயர்ன் மேன் சித்திரக்கதை வந்தது. 1986-ன் ‘ஏலியன்ஸ்’ படத்தில் சரக்கு தூக்கும் எந்திரத்தை மாட்டிக்கொண்டு கதாநாயகி சண்டை போடும் காட்சி இன்றைக்கும் பல பொறியாளர்களுக்கு ஆதர்சம். அந்த எந்திரம் படப்பிடிப்பில் தானாக நிற்கவில்லை. மேலிருந்து தாங்கிப் பிடித்திருந்தார்கள். நடிகைக்குப் பின்னால் வலுவான ஆள் ஒருவர் மறைந்து நின்று கைகால்களை அசைத்தார். இந்தக் கதைகளெல்லாம் மூன்று விஷயங்களைத் தீர்ந்துபோனவையாக வைத்துக்கொள்கின்றன: உள்ளே இருப்பவரின் எண்ணம் எந்திரத்துக்கு உடனே தெரிந்துவிடும், சக்தி தீராது, வெளியே விழும் அடி உள்ளே போகாது. நிஜத்தில் மூன்றும் இன்னும் தீரவில்லை.

நிஜ முயற்சியும் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1960-களின் நடுவில் ராணுவத்தின் பண உதவியோடு ‘ஹார்டிமேன்’ என்ற எந்திரத்தைக் கட்ட ஆரம்பித்தது. இலக்கு 680 கிலோவைத் தூக்குவது. எந்திரத்தின் எடையும் ஏறக்குறைய அதே 680 கிலோ. உள்ளே ஒரு சிறு எலும்புக்கூடு, மனிதன் அதை அணிவான். வெளியே பெரிய எலும்புக்கூடு, அது உள்ளிருப்பதைப் பின்தொடரும். 1970-களின் தொடக்கத்தில் திட்டத்தை மூடியபோது ஒரே ஒரு கைதான் ஒழுங்காக வேலை செய்தது. அந்தக் கை சுமார் 340 கிலோவைத் தூக்கியது, அதாவது பலத்தில் குறையே இல்லை. முழு எந்திரத்தையும் ஒருசேர இயக்கியபோது அது கட்டுக்கடங்காமல் உதறியது. மனிதனை உள்ளே வைத்து முழு எந்திரத்தையும் ஓட்டிப் பார்க்க யாரும் துணியவில்லை.

அன்றைக்கே தெரிந்துபோன பாடம் இது. பலத்தை உண்டாக்குவது கடினமான வேலை இல்லை. ஜேசிபியின் கையில் அது நூறு மடங்கு இருக்கிறது. ஒரு மனிதன் நடுவில் இருக்கும்போது, அவன் செய்ய நினைப்பதை அவன் தசை செய்யும் அதே நொடியில் செய்வதுதான் கடினம். எந்திரம் கொஞ்சம் பிந்தினால் உங்கள் கால் அதை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். கொஞ்சம் முந்தினால் அது உங்களைத் தள்ளும், நீங்கள் பயந்து எதிர்ப்பக்கம் தசையை இறுக்குவீர்கள். இரண்டிலும் உங்களுக்குச் சோர்வுதான் கூடும். புதிதாக ஒருவருக்கு நடைப்பயிற்சி எந்திரத்தை மாட்டிவிட்டால் முதல் சில நிமிடங்கள் தொடையின் முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகி நிற்பதைக் கையால் தொட்டே உணரலாம். உடம்பு அதை நம்பவில்லை என்று அர்த்தம்.

எண்ணத்தைப் படிக்க வழியே இல்லையா என்றால், ஓரளவு இருக்கிறது. மூளை கட்டளை போட்டதும் தசையில் சிறு மின் அலை ஓடும். தசை சுருங்கி விசை பிறப்பதற்குச் சற்று முன்பே, ஒரு நொடியில் நூறில் சில பங்கு முன்னதாக, தோலின் மேல் ஒட்டிய மின்முனையில் அது தெரியும். ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷியுகி சங்காய் இதை வைத்துத்தான் ‘ஹால்’ என்ற கருவியை உருவாக்கினார். அது இன்று ஜப்பானிலும் ஜெர்மனியிலும் சிகிச்சைக்குப் பயன்படுகிறது. ஆனால் வியர்த்தால் சமிக்ஞை மாறும். மின்முனை ஒரு விரற்கடை நகர்ந்தால் மாறும். தசை களைத்தாலும் மாறும். சிகிச்சை அறையில் பொறுமையாக ஒட்டிச் சரிபார்க்கலாம். ஓடிக் குதித்துப் புரளும் ஒருவரிடம் அதை நம்பி நூறு கிலோ எந்திரத்தை ஒப்படைக்க முடியாது.

இனி சக்திக்கு வருவோம். 2008-ல் வந்த அயர்ன் மேன் படத்தில் மார்பில் இருக்கும் உலை வினாடிக்கு மூன்று கிகாஜூல் தரும் என்று நாயகன் கணக்குச் சொல்கிறான். அதாவது 3,000 மெகாவாட். கூடங்குளத்தில் ஓடும் முதல் இரண்டு உலைகளையும் சேர்த்தால் 2,000 மெகாவாட்தான். அந்த உலை 99 சதவீதம் திறனோடு வேலை செய்தாலும் மீதி ஒரு சதவீதம், 30 மெகாவாட் வெப்பம், நெஞ்சுக்கூட்டில் இறங்கும். படத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சக்தியின் மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டாலும் வெப்பத்தை எங்கே விடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கும் என்பதைக் காட்டத்தான்.

நடக்கிற கணக்கையே போட்டுப் பாருங்கள். ஒரு கவசம் 150 கிலோ, உள்ளே 80 கிலோ ஆள், மொத்தம் 230 கிலோ. எந்திரக் கால்கள் மனிதக் காலைவிட மிகவும் செலவாளி. ஒரு எடையை ஒரு தூரம் நகர்த்த எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளக்கும் கணக்கில் மனிதன் சுமார் 0.2, ஹோண்டாவின் ஆசிமோ ரோபோ 3-க்கும் மேல் என்று 2005-ல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். நம் கவசத்துக்குத் தாராளமாக 1 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நடை வேகத்தில் அதற்கு ஏறக்குறைய 2.7 கிலோவாட் வேண்டும். இன்றைய நல்ல லித்தியம் பேட்டரித் தொகுப்பு கிலோவுக்கு 200 வாட்-மணி தருகிறது. ஒரு மணி நேர நடைக்குப் பதின்மூன்று பதினான்கு கிலோ பேட்டரி. எட்டு மணி நேரத்துக்கு நூறு கிலோவுக்கு மேல். அந்த நூறு கிலோவைச் சுமக்க இன்னும் கொஞ்சம். ஓட்டம், தாவல், சண்டை எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. நம் உடலில் இருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் கிட்டத்தட்ட 10,000 வாட்-மணி இருக்கிறது. தசையின் திறன் கால்பங்குதான் என்றாலும் பேட்டரியைவிடப் பத்து மடங்குக்கு மேல் வந்துவிடும்.

பெட்ரோல் எஞ்சின் வைத்துப் பார்த்தார்கள். 2004-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹொமாயூன் கசெரூனியின் குழு காட்டிய ‘ப்ளீக்ஸ்’ அப்படித்தான் முதுகில் எஞ்சினைச் சுமந்து நடந்தது. சத்தமும் சூடும் புகையும் கூடவே வந்தன. சார்கோஸ் நிறுவனம் ராணுவத்துக்காகச் செய்த எக்ஸ்ஓஎஸ் உடுப்பு 2010 வாக்கில் வீடியோக்களில் பலகையைக் குத்தி உடைத்தது. ஆனால் பின்னால் ஒரு குழாய் வழியாகச் சக்தி வந்துகொண்டிருந்தது. குழாயைக் கழற்றினால் அது நின்றுவிடும். அதே நிறுவனம் பின்னால் பேட்டரியில் ஓடும் கார்டியன் எக்ஸ்ஓ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 90 கிலோவைத் தூக்கும் என்றார்கள். சந்தைக்கு வராமலே, 2023-ன் கடைசியில் எந்திரப் பக்கத்தை நிறுத்திவிட்டு மென்பொருளுக்குப் போய்விட்டார்கள். 2024-ல் நிறுவனத்தின் பெயரும் மாறிவிட்டது. அதனால், பேட்டரி ஒன்றுதானே பாக்கி என்ற கேள்விக்கு என் பதில்: பேட்டரி பெரிய தடைதான், ஆனால் நாளைக்கே பத்து மடங்கு நல்ல பேட்டரி வந்தாலும் மற்றவை நகராமல் நிற்கும்.

அவற்றில் ஒன்று, வெளியாட்களுக்கு எளிதில் புலப்படாதது: காலில் கட்டும் எடை. இடுப்பில் ஒரு கிலோ கட்டினால் நடைக்கு ஆகும் சக்தி ஒரு சதவீதம் போலக் கூடும். அதே ஒரு கிலோவைப் பாதத்தில் கட்டினால் எட்டு சதவீதம் போலக் கூடும். ஏனென்றால் பாதம் ஒவ்வோர் அடிக்கும் நின்று, வேகமெடுத்து, மறுபடியும் நிற்கிறது. மோட்டாரையும் கம்பியையும் காலில் வைத்தாலே கடனோடுதான் தொடங்குகிறோம். சுமை தூக்க உதவும் என்று செய்த எக்ஸோஸ்கெலட்டன் ஒன்றை அமெரிக்க ராணுவ ஆய்வாளர்களே வீரர்களுக்கு மாட்டி, மூச்சை அளந்து பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். அணிந்தபோது ஆக்சிஜன் செலவு கூடியதே தவிர குறையவில்லை. எடை தரையில் இறங்கியது உண்மை. ஆனால் நடப்பவர் அதிகம் களைத்தார்.

நடைக்கு ஆகும் சக்தியை நிஜமாகவே குறைத்த கருவிகள் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறது. அவற்றில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது 2015-ல் ஸ்டீவ் காலின்ஸ், ப்ரூஸ் விகின், கிரெக் சவிக்கி மூவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. கணுக்காலுக்குப் பின்னால், குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிறோமே அந்தத் தசைநாருக்கு இணையாக ஒரு ஸ்பிரிங். கூடவே ஒரு சின்னக் க்ளட்ச். பாதம் தரையில் பட்டதும் க்ளட்ச் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். உடல் முன்னால் சாயச் சாய ஸ்பிரிங் நீளும். குதிகால் எழும்பும்போது அது சுருங்கி உந்தித் தரும். கால் காற்றில் இருக்கும்போது க்ளட்ச் விட்டுவிடும், பாதம் தாராளமாக அசையும். ஒரு காலுக்கு அரை கிலோ எடைகூட முழுசாக இல்லை. நடையின் சக்திச் செலவு சுமார் 7 சதவீதம் குறைந்தது.

இது ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் அழகு இருக்கிறது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை பெரிதாக நீள்வதோ சுருங்குவதோ இல்லை. தசைநார் ஸ்பிரிங் போல நீண்டு சுருங்க, தசை அதன் ஒரு முனையை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கையில் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாலும் தோள் வலிக்கும் அல்லவா, அதுபோலப் பிடித்து நிற்பதற்கே தசைக்குச் செலவு உண்டு. க்ளட்ச் அந்தப் பிடிக்கும் வேலையில் ஒரு பங்கை இலவசமாக ஏற்றுக்கொண்டது. ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாக்கினால் பயன் கூடவில்லை, போய்விட்டது. உடம்பு வேறு தசைகளை முடுக்கி ஈடுகட்டப் பார்த்தது. பலத்தைக் கூட்டினால் உதவி கூடும் என்ற கதைக் கணக்கு இங்கேயே உடைகிறது.

அதற்குப் பிறகு 2017-ல் காலின்ஸின் குழு, நடந்துகொண்டிருப்பவரின் மூச்சை அளந்தபடியே கணினி உந்துதலின் நேரத்தையும் அளவையும் அவருக்கேற்ப மாற்றிக்கொண்டே போகும் முறையைக் காட்டியது. சக்திச் செலவு சராசரியாக 24 சதவீதம் குறைந்தது, ஆனால் ஆய்வக ட்ரெட்மில்லில், ஒரே ஒரு கணுக்காலில் மாட்டிய கருவிக்கு மோட்டார் வெளியே இருக்க. 2022-ல் ஸ்டான்ஃபோர்டில் அதை வெளியே தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்: பேட்டரி இடுப்பில், மோட்டார் காலில், நடை வேகம் 9 சதவீதம் கூடியது, ஒரே தூரத்துக்கான செலவு 17 சதவீதம் குறைந்தது. ஹார்வர்டில் கானர் வால்ஷின் குழு துணியாலான கால்சட்டை போன்ற ஒன்றைச் செய்தது. இடுப்பை மட்டும் இழுத்துவிட்டு நடையில் 9 சதவீதத்துக்குச் சற்று மேலும் ஓட்டத்தில் 4 சதவீதமும் மிச்சப்படுத்தியதாக 2019-ல் எழுதினார்கள். சினிமாவோடு ஒப்பிட்டால் இவை சின்ன எண்கள். என் துறையில் இருப்பவர்களுக்கு இவைதான் மலை ஏறிய கதை.

கவசம் என்ற சொல்லுக்கு வருகிறேன். துப்பாக்கித் தோட்டாவைத் தாங்கும் பீங்கான் தகடு, நெஞ்சை மறைக்கும் அளவு, இரண்டரை கிலோ போல இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு முப்பத்தைந்து கிலோ. நம் தோலின் பரப்பு 1.8 சதுர மீட்டர். ஆக உடம்பை ஒட்டியே மூடினாலும் அறுபது கிலோவுக்கு மேல், எந்திரத்துக்கு வெளியே மூடினால் இன்னும் அதிகம். முழங்கால் மடிப்பு, அக்குள், கழுத்து, இடுப்பு ஆகிய இடங்களில் தகடு வைக்கவே முடியாது. அடி உள்ளே போகாது என்பது இதைவிடப் பெரிய கற்பனை. 45 மீட்டர் உயரத்திலிருந்து, பதினைந்து மாடி என்று வையுங்கள், விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 30 மீட்டர். கவசம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு சீக்கிரம் நிற்கும். முப்பது சென்டிமீட்டரில் நின்றாலே 150 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 150 மடங்கு. பத்து சென்டிமீட்டரில் நின்றால் 450-க்கு மேல். விளையாட்டில் தலையில் படும் அடிகளை அளந்தவர்கள் 100 ஜி அளவிலேயே மூளை அதிர்ச்சியைப் பார்த்திருக்கிறார்கள். கவசம் ஒரு கீறல் இல்லாமல் இருக்கும். உள்ளே இருப்பவர் இருக்க மாட்டார். இது பொறியியல் முன்னேறினால் தீரும் விஷயம் இல்லை. நிற்பதற்கு இடம் வேண்டும், அந்த இடம் உடுப்புக்குள் இல்லை.

ராணுவம் ரகசியமாக வைத்திருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமையகம் 2013-ல் ‘டாலோஸ்’ என்ற பெயரில் வெளிப்படையாகவே அறிவித்தது. கவசம், எந்திரக் கைகால், தலைக்கவசத் திரை எல்லாம் ஒரே உடுப்பில், 2018-க்குள் முன்மாதிரி. பல நிறுவனங்களும் ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்தன. 2019-ல், நெருக்கமான சண்டைக்கு இது தயாரில்லை என்று அவர்களே சொல்லி முழு உடுப்பைக் கைவிட்டார்கள். துண்டு துண்டாகக் கிடைத்த தொழில்நுட்பங்களை எடுத்துக்கொண்டார்கள். ரகசியம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை நான் சொல்ல முடியாது. ஆனால் எடையும் வெப்பமும் ரகசியத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். தன் எடையைத் தானே தாங்கி, சமநிலை தவறாமல், தடுமாறினால் மீண்டு, 200 கிலோவைத் தூக்கும் எந்திரத்தைச் செய்துவிட்டோம் என்றால் அதற்குள் மனிதனை எதற்கு வைக்க வேண்டும்? வெளியே நின்று தொலைவிலிருந்து இயக்கலாம். விழுந்தால் எந்திரம் மட்டும் உடையும். அதனால் சரக்குத் தூக்கும் பெரிய எக்ஸோஸ்கெலட்டனுக்கான தேவையையே ரோபோக்கள் எடுத்துக்கொண்டுவிடும் என்பது என் கணிப்பு. கணிப்புதான்.

தொழிற்சாலை வீடியோக்களில் நீங்கள் பார்த்தது வேறு ரகம். ஃபோர்டு நிறுவனம் 2018-ல் ஏழு நாடுகளில் 15 ஆலைகளுக்குக் கொண்டுபோன தோள் அங்கியில் மோட்டாரே கிடையாது. காருக்கு அடியில் நின்று தலைக்கு மேல் கையைத் தூக்கித் திருகு முடுக்குபவர் நாளுக்கு 4,600 தடவை வரை கையைத் தூக்குகிறார் என்று அந்த நிறுவனமே சொன்னது. கையின் எடையில் ஒரு பங்கை ஸ்பிரிங் தாங்குகிறது, அவ்வளவே. தோள் தசையின் உழைப்பு குறைவது அளந்து பார்த்து உறுதியான விஷயம். பத்து வருஷம் அணிந்தால் தோள் தேய்மானம் குறையுமா, அந்தச் சுமை இடுப்புக்கோ முதுகுக்கோ மாறிப்போகுமா என்பதற்கு நீண்டகால ஆதாரம் இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் அத்தை மகன். 2014-ல் சாவோ பாவ்லோவில் உலகக்கோப்பைக் கால்பந்துத் தொடக்க விழாவில், இடுப்புக்குக் கீழ் செயலற்ற ஓர் இளைஞர் எக்ஸோஸ்கெலட்டன் அணிந்து பந்தை உதைத்தார். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ அமைப்பு ‘ரீவாக்’ என்ற நடை எக்ஸோஸ்கெலட்டனை வீட்டில் பயன்படுத்த முதன்முறையாக அனுமதித்தது. அதை உருவாக்கிய அமித் கோஃபர் என்ற இஸ்ரேலியப் பொறியாளர் தானே விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். அவருடைய கைகளிலும் வலு போதாததால் தன் கருவியைத் தானே பயன்படுத்த முடியாத நிலை. நடக்க வைக்குமா என்ற கேள்விக்கு நேரான பதில்: வைக்கும், சிலரை, சமதளத்தில், இரண்டு ஊன்றுகோலோடு, பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க. உடலை முன்னால் சாய்த்தால் அது ஓர் அடி எடுத்துவைக்கும். சமநிலை முழுக்க உங்கள் கைகளிலும் தோளிலும்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி வேகம் வினாடிக்கு 0.26 மீட்டர். நாம் சாதாரணமாக நடப்பது 1.2-க்கு மேல். ஊன்றுகோல் இல்லாமல் தானே சமநிலை காக்கும் கருவியைப் பிரான்சின் வாண்டர்கிராஃப்ட் நிறுவனம் செய்திருக்கிறது; அது பெரியது, பெரும்பாலும் மருத்துவமனைகளில் இருக்கிறது.

மாட்டும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். முழங்கால் கதவுக் கீல் மாதிரி ஓர் அச்சில் திரும்புவதில்லை. மடங்கும்போது தொடை எலும்பு உருண்டுகொண்டே சறுக்கவும் செய்கிறது, அச்சு நகர்கிறது. எந்திரத்தின் கீல் நகராது. இரண்டுக்கும் உள்ள அந்தச் சிறு வித்தியாசம் ஒவ்வோர் அடியிலும் பட்டைக்கு அடியில் தோலை இழுக்கும். உணர்வு இருப்பவர் ‘உறுத்துகிறது’ என்று சொல்லிவிடுவார். இடுப்புக்குக் கீழ் உணர்வு இல்லாதவருக்குத் தெரியாது. அதனால் கழற்றியதும் நாங்கள் முதலில் செய்வது, கணைக்கால் எலும்பின் முன்பக்கம், முழங்காலின் உட்புறம், குதிகால், உட்காரும் எலும்பு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்ப்பது. சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுப்போம். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை; அரை மணி நேரம் கழித்தும் சிவப்பு போகாவிட்டால் அன்றைக்குப் பயிற்சி அவ்வளவுதான், பஞ்சை மாற்ற வேண்டும், பட்டையை நகர்த்த வேண்டும். ஒரு படுக்கைப்புண் வந்தால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டியிருக்கும். எந்தக் கதையிலும் கவசத்தைக் கழற்றிய நாயகனின் தோலை யாரும் பார்ப்பதில்லை.

அதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. நிற்காத காலில் எலும்பு வேகமாக மெலியும், முழங்காலைச் சுற்றி குறிப்பாக. எக்ஸோஸ்கெலட்டன் பயிற்சியில் காலெலும்பும் பாத எலும்பும் முறிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நெடுநாள் உட்கார்ந்தே இருந்தவரைத் திடீரென்று நிமிர்த்தினால் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். சாய்வுக் கட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திப் பழக்க வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் இறுகியிருக்கக் கூடாது. உயரமும் எடையும் அளவுக்குள் இருக்க வேண்டும். ரீவாக்குக்கு 160 முதல் 190 சென்டிமீட்டர் உயரம் என்பது விதி. நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் அதற்குள் வரவே மாட்டார்கள். விலையையும் சொல்ல வேண்டும். 2024-ல் அமெரிக்க அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீடு இந்தக் கருவிக்கு நிர்ணயித்த தொகை சுமார் 91,000 டாலர். அதே வருஷம் அங்கே ஒருவரின் கருவி, கடிகாரம் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதியின் பேட்டரி இணைப்பில் வந்த ஒரு சின்னப் பழுதால் முடங்கிப்போய், பழைய மாடல் என்பதால் சரிசெய்யவே மாதங்கள் ஆன செய்தி வந்தது. வாங்குவதைவிடப் பராமரிப்பு எங்கே கிடைக்கும் என்பது பெரிய கேள்வி.

பயன் என்ன? பயிற்சி எடுத்தவர்களில் பலர் மலச்சிக்கல் குறைந்தது, தசை இறுக்கம் தளர்ந்தது, வலி குறைந்தது என்று சொல்கிறார்கள். நானும் என் வேலையில் இதைக் கேட்டிருக்கிறேன், நம்புகிறேன். ஆனால் ஆய்வுகளில் ஆட்கள் குறைவு, முடிவுகள் ஒன்றுபோல இல்லை. எலும்பு மறுபடி கெட்டியாகும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. நரம்பு முழுதாக அறுபட்டவருக்கு இந்தக் கருவியால் நரம்பு திரும்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பகுதியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் கதை வேறு. அங்கே எந்திரம் நடை பழக்கும் ஆசிரியராக இருக்கிறது, பிறகு கழற்றிவிடலாம். கேரளத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் செய்திருக்கும் ஜி-கெய்ட்டர் போன்றவை அந்த வகை, சில மருத்துவமனைகளில் இருக்கின்றன. கண்ணுக்கு நேரே மனிதர்களைப் பார்த்துப் பேசுவது, நிமிர்ந்து நிற்பது, இதற்காகவே சிலர் ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்துக்கு நிற்கும் வசதியுள்ள சக்கர நாற்காலி பல மடங்கு மலிவான பதில். ஐஐடி மெட்ராஸில் உருவான ‘அரைஸ்’ அப்படி ஒன்று.

எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு என் மதிப்பீடு: முதியவர்கள் மாடி ஏறவும் நெடுந்தூரம் நடக்கவும் உடைக்குள் மறைந்துபோகும் இடுப்பு, கணுக்கால் கருவிகள் இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் காதுக் கருவி போலச் சாதாரணமாகலாம். முழுக் கவசம் என் காலத்தில் வரும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் அத்தை மகனுக்காக இப்போது செய்யக்கூடியது: காயம் எந்த முள்ளெலும்பு மட்டத்தில், முழுமையானதா பகுதியா என்பதை டிஸ்சார்ஜ் குறிப்பிலிருந்து எடுத்து வையுங்கள், எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுங்கள், மூட்டுகள் இறுகாமல் தினமும் நீட்டிவிடுகிறார்களா என்று பாருங்கள், இதையெல்லாம் எடுத்துக்கொண்டு மறுவாழ்வு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள், எலும்பு மருத்துவர் மட்டும் போதாது. கருவியை விற்க வருபவர் யாராக இருந்தாலும், அவரை அதில் நிற்க வைத்துக் காட்டுவதற்கு முன் இந்த அறிக்கைகளைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். காய மட்டம் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். மருத்துவரிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.